மாமனாரும் மூன்று தொட்டிக் கொத்தமல்லியும்

1

பினாங்குக்கு நாங்கள் குடிவந்து பதினைந்து வருடம் நிறைந்த வாரத்தில், கோபிசெட்டிபாளையத்திலிருந்து என் மாமனார் முதன்முறையாக இங்கே வர ஒப்புக்கொண்டார். நான் வளர்க்கும் கொத்தமல்லியை நேரில் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் கொத்தமல்லி கிடையாது என்பதுதான் சிக்கல்.

மாமனார் பெயர் சென்னியப்பன். வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் பெண் பார்க்கப் போன அன்று அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு செடியைக் காட்டி, “இது என்னங்க செடி?” என்றார்.

“ஏதோ கீரைங்க” என்றேன்.

“பருத்திங்க” என்றார்.

அதன் பிறகும் அவர் பெண் கொடுத்ததற்குக் காரணம் என் மனைவி சுமதியின் பிடிவாதம். கல்யாணமான ஆறாவது மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டேன். அவருக்கு இருந்தது ஒரே மகள். கோபத்தை வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவோம். ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வரும். பாஸ்போர்ட் எடுக்கோணும் என்பார். பல்லு கட்டோணும் என்பார். ஒருமுறை, பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டுகிறார்கள், அதனால் வர முடியாது என்றார். அவர்கள் கிணறு வெட்டினால் இவருக்கென்ன என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை.

என் மாமியார் காலமான பிறகு அவர் தனியாக இருந்தார். சுமதி போனில் பேசி முடித்ததும் சமையலறையில் ஒரு பாத்திரத்தையே வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

2

பொய் சொல்ல வேண்டும் என்று நான் தொடங்கவில்லை. போன வருடம் ஒருநாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் போனபோது, ஒரு மளிகைக் கடையில் முழு மல்லி வாங்கி வந்தேன். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஊறவைத்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் மண் போட்டு விதைத்தேன். பத்தாம் நாள் முளைத்துவிட்டது. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

மாமனாரிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒரே சொல்: “சபாஷுங்க.”

திருமணமாகி அத்தனை வருடத்தில் எனக்கென்று அவர் அனுப்பிய முதல் செய்தி. நான்கு தடவை கேட்டேன். நான்காவது தடவை குளியலறையில் நின்றுகொண்டு.

கொத்தமல்லிக்குக் குளிர்ச்சி வேண்டும். பினாங்கில் குளிர்ச்சி கிடைக்குமிடம் வங்கிக்குள் மட்டும்தான். ஒரு டப்பாவில் செடி விரலளவு வளர்ந்ததும் இலை நூலாகிப் பூவெடுத்துவிட்டது. அடுத்ததை மழை அழுகச் செய்தது. மூன்றாவது டப்பாவில், எங்கள் மாடியில் சுற்றும் பூனை படுத்துத் தூங்கியது. நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கும்படி நடப்பதால் அந்தப் பூனைக்கு என் மகள் யாழினி, இங்கே அரசு பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் ‘டத்தோ’ பட்டத்தைக் கொடுத்திருந்தாள். டத்தோ எழுந்து போனபோது டப்பாவில் பயிர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் போனில், “கொத்தமல்லி எப்படிங்க இருக்குது?” என்றார்.

“ஜம்முன்னு இருக்குதுங்க மாமா” என்று என் வாய் சொல்லிவிட்டது.

பிறகென்ன, மாதம் ஒருமுறை போட்டோ அனுப்ப வேண்டியதாயிற்று. இங்கே பாசாரில், அதாவது காலைச் சந்தையில், கொத்தமல்லியை வேரோடு கட்டி விற்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. ஒரு கட்டு வாங்குவேன், தொட்டி மண்ணில் செருகுவேன், போட்டோ எடுப்பேன், பிடுங்கிக் கழுவி ரசத்தில் போடுவேன். ஒருமுறை அவசரத்தில் கொத்தமல்லி மாதிரியே இருக்கும் சூப்புத் தழையை வாங்கி நட்டு அனுப்பிவிட்டேன். அதற்கும் “நல்லதுங்க” என்று பதில் வந்தது. கண்டுபிடிக்கவில்லை என்று நிம்மதியானேன்.

சுமதிக்கு எல்லாம் தெரியும். “இது எங்க போய் முடியப் போகுதோ” என்பாள். யாழினிக்குக் கொத்தமல்லியே ஆகாது. சோப்பு வாசனை அடிக்கிறதாம். பதின்மூன்று வயதில் அவள் வீட்டில் செய்த ஒரே தமிழ்ப் பணி, ரசத்திலிருந்து தழையைப் பொறுக்கித் தட்டோரம் வைத்தது.

இப்படியிருக்கும்போதுதான் மாமனார், “அடுத்த மாசம் வாரேனுங்க. அந்தக் கொத்தமல்லிய ஒருக்கா பாத்துப்போடோணும்” என்றார். சுமதி போனை வைத்துவிட்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

3

ஐந்து வாரம் இருந்தது. உண்மையாகவே வளர்த்துவிடுவது என்று தீர்மானித்து, இரண்டடி நீளத்தில் மூன்று தொட்டிகள் வாங்கி வீட்டு வாசல் காரிடாரில் வைத்தேன். மறுநாளே கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பொது நடைவழியில் பொருள் வைப்பதானால் அடுக்குமாடி அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். இணைத்துள்ள படிவத்தை மலாய் மொழியில் நிரப்பவும்.

தொழிற்சாலையில் எனக்கு ஆங்கிலம் போதும். என் மலாய் மீன் விலை கேட்கிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. யாழினியிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எழுதியிருப்பாள். ஆனால் போன மாதம்தான் பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியையிடம் நான் பேசிய மலாயைக் கேட்டு, “டாடி, பிளீஸ்லா, இனிமே சிரிச்சா மட்டும் போதும்” என்று சொல்லியிருந்தாள். எனக்கும் மானம் இருக்கிறது. நானே உட்கார்ந்து எழுதினேன்.

முதல் கட்டத்தில் ‘ஜெனிஸ்’ என்று போட்டிருந்தது. ஆணா பெண்ணா என்று கேட்காத படிவம் உலகத்தில் இல்லை என்ற அனுபவத்தில் ‘லெலாக்கி’, ஆண், என்று எழுதினேன். அளவு: இரண்டடி. கடைசியில் காரணம் கேட்டிருந்தார்கள். அகராதியைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, இரண்டு வாக்கியம் எழுதினேன். “பாப்பா மெர்த்துவா சாயா டத்தாங் புலான் டெப்பான். சாயா மாஹு தானாம் டி கோரிடோர்.” என் மாமனார் அடுத்த மாதம் வருகிறார். காரிடாரில் நட விரும்புகிறேன்.

மறுநாள் காவலாளி செல்வம் அண்ணன் போன் செய்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எங்கள் கட்டடத்தின் எல்லாச் செய்திகளுக்கும் அவரே தலைமை நிலையம். “தம்பி, பசியாறிட்டீங்களா? கொஞ்சம் ஆபீஸ் வாங்கலா” என்றார். குரல் சரியில்லை.

போனால், அலுவலகத்தில் குமாஸ்தா காக் ரோஸ் என்ற மலாய் அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செல்வம் அண்ணன் என் படிவத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“தம்பி, இத நீங்கதான் எழுதினீங்களா?”

“ஆமாண்ணே.”

“தமிழ்ல படிக்கிறேன், கேளுங்க. ‘வகை: ஆண். அளவு: ரெண்டு அடி. காரணம்: என் மாமனார் அடுத்த மாசம் வர்றாரு. காரிடார்ல பொதைக்கணும்.’” அவர் தாளை இறக்கினார். “உங்க பெமிலி விசயத்துல நாங்க தலையிட மாட்டோம் தம்பி. ஆனா ரெண்டு அடியில ஒரு ஆம்பளைய எப்படிலா பொதைப்பீங்க?”

மலாயில் ‘தானாம்’ என்றால் நடுவது. பிணத்தைப் புதைப்பதற்கும் அதே சொல். எதை நடுவது என்று எழுத நான் மறந்திருந்தேன். அதனால் வாக்கியம் முன்னால் நின்ற மாமனாரைப் பிடித்துக்கொண்டது. ‘ஜெனிஸ்’ என்றால் வகை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

காக் ரோஸ் நல்லவர். ‘ஆண்’ என்பதை அடித்துவிட்டு ‘கொத்தமல்லி’ என்று அவரே எழுதி முத்திரை குத்தினார். மூன்று தொட்டி, சுவரோரமாக மட்டும். நான் வெளியே வந்த பிறகும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் மின்தூக்கியில் என்னோடு நின்றவர்களெல்லாம், இதுவரை முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட, “உங்கள் மாமனார் எப்போது வருகிறார்?” என்று மூன்று மொழிகளில் விசாரித்தார்கள்.

4

விதைத்தது முளைத்தது. அனுமதி வாங்கிய பயிர் என்று அதற்குத் தெரியவில்லை. நான்காவது வாரம் மறுபடியும் நூல் இலை, வெள்ளைப் பூ. இரண்டு தொட்டி அப்படிப் போனது. மூன்றாவதை டத்தோ எடுத்துக்கொண்டது.

மாமனார் வருகிற அன்று காலை பாசாருக்குப் போய், வழக்கமாக வாங்கும் வள்ளி அக்காவிடம் வேரோடு ஆறு கட்டு வாங்கினேன். “வீட்ல விசேசமா?” என்றார். “ஒருவகையில” என்றேன். மூன்று தொட்டியிலும் வரிசையாக நட்டு, தண்ணீர் தெளித்து, விரலால் மண்ணைச் சமன்படுத்தி, பிறகு விமான நிலையத்துக்குப் போனேன்.

மாமனார் மெலிந்திருந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் சின்னப் பெட்டி. சுமதி அவர் கையைப் பிடித்தவள் கார் வரைக்கும் விடவில்லை. கட்டட வாசலில் செல்வம் அண்ணன் ஓடிவந்து கும்பிட்டார்.

“வாங்க ஐயா! நீங்க நல்லபடியா இருக்கணும்னு நாங்க எல்லாரும் வேண்டிக்கிட்டோம்லா!”

“ரொம்ப சந்தோசமுங்க” என்றார் மாமனார். மின்தூக்கியில் ஏறியதும் என்னிடம், “ஏனுங் மாப்பள, எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கறாங்களே?” என்றார்.

“இங்க எல்லாரும் ரொம்ப அன்பா இருப்பாங்க மாமா.”

வீட்டுக்குள் நுழையும் முன்பே தொட்டிமுன் குந்தி உட்கார்ந்தார். ஒரு இலையைக் கிள்ளி மோந்தார். மண்ணை விரலால் லேசாகத் தட்டினார்.

“எத்தன நாள் பயிருங்க?”

“முப்பத்தஞ்சு நாளுங்க மாமா.”

“முப்பத்தஞ்சு நாளு” என்று அவரும் சொன்னார். எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

5

மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது மூன்று தொட்டியும் தலை தொங்கிக் கிடந்தன. “வெயிலுங்க மாமா” என்றேன். “வெயிலுதானுங்க” என்றார். அடுத்த நாள் காலை ரகசியமாகப் போய்ப் புதுக்கட்டு வாங்கிவிடலாம் என்றிருந்தேன். அன்றைக்கென்று தொழிற்சாலையில் தணிக்கை. விடிவதற்குள் ஓட வேண்டியதாயிற்று. பகல் முழுக்க வாடிய கொத்தமல்லியே கண்ணில் நின்றது.

மாலை திரும்பி வந்தால் மூன்று தொட்டியிலும் பயிர் நிமிர்ந்து, பச்சைப்பசேலென்று நிற்கிறது!

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். குனிந்து தொட்டேன். ஈரமாக, விறைப்பாக இருந்தது. வேர் பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சந்தைக் கட்டை நட்டு வேர் பிடிக்க வைத்தவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த இரண்டரை வாரம் என்னைச் சகிப்பது கடினமாக இருந்திருக்கும். மாமனாருக்கே பாடம் எடுத்தேன். “வேர் புடிக்கிற வரைக்கும்தானுங்க மாமா கஷ்டம். அப்புறம் அது பாட்டுக்கு வரும்.”

“அப்படீங்களா” என்று கேட்டுக்கொண்டார்.

“காலைல மட்டும் தண்ணி ஊத்தணும். சாயங்காலம் ஊத்தக் கூடாது.”

“ஓ, அது எனக்குத் தெரியாம போச்சுங்க.”

குடும்ப வாட்ஸ்அப்பில் ‘வெப்ப நாடுகளில் கொத்தமல்லி: சில அனுபவக் குறிப்புகள்’ என்று ஒன்பது குறிப்புகள் எழுதினேன். தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினேன். சுமதி மட்டும் நான் பேசத் தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

அது பள்ளி விடுமுறைக் காலம். தாத்தாவும் பேத்தியும் முதல் இரண்டு நாள் ஒருவரையொருவர் தூரத்திலிருந்தே பார்த்தார்கள். “நாளைக்கு வெள்ளென நடக்கப் போலாமா கண்ணு?” என்றார் அவர். வெள்ளென என்றால் அவர் ஊரில் விடியற்காலை. அவள் என்னிடம் வந்து, “டாடி, அப்புச்சி வெள்ளையா எங்க போவணும்ங்கறாரு?” என்றாள். மறுநாள் காலை கிளம்பும்போது அவள், “அப்புச்சி, காசுத் போடுங்க” என்றிருக்கிறாள். மலாயில் காசுத் என்றால் செருப்பு. அவர் “எவ்வளவு கண்ணு?” என்று பணப்பையை எடுத்தாராம். இதைச் சுமதியிடம் சொல்லும்போது இருவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் தினமும் காலையில் நடைக்குப் போனார்கள். நாங்கள் கூப்பிட்டால் போனைவிட்டுத் தலை நிமிராத பெண், அலாரம் வைத்து எழுந்தாள். நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன், வார இறுதியில் தூங்கிக்கொண்டிருப்பேன். தாத்தாவோடு பழகுகிறாளே என்று மகிழ்ந்தேனே தவிர, எங்கே போகிறார்கள் என்று கேட்கவில்லை.

6

மூன்றாவது சனிக்கிழமை மாமனாருக்கு முழங்கால் வலி. நடைக்குப் போகவில்லை. சுமதி வெங்காயம் வாங்கிவர என்னைப் பாசாருக்கு அனுப்பினாள்.

வள்ளி அக்கா என்னைப் பார்த்ததும் பின்னால் எட்டிப் பார்த்தார். “என்னா தம்பி, பெரியவரு இன்னிக்கு வரலியா?”

“எந்தப் பெரியவரு?”

“உங்க மாமனாருலா! பாப்பா கூட்டியாருமே. டெய்லி வேரோட கட்டு எடுத்துக்குவாரு. வேர் ஒடஞ்சிருந்தா வேணாம்பாரு. அவருக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், இந்தாங்க.” ஈரத் தாளில் சுற்றிய கொத்தமல்லியை நீட்டினார். “அவ்ளோ கொத்தமல்லிய என்னாதான் செய்றீங்க வீட்ல?”

கட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன். வெங்காயம் வாங்கவும் மறந்துவிட்டேன். ஒன்பது குறிப்புகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ‘மாலையில் ஊற்றக் கூடாது’ என்பது வந்தபோது ரோட்டோரமாக நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், மாமனார் காரிடாரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து வாடிய தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாழினி. என் கையிலிருந்த ஈரத் தாளை இருவரும் பார்த்தார்கள்.

“கந்தோய்லா” என்றாள் யாழினி. மாட்டிக்கொண்டோம் என்று பொருள்.

 பிறகு மாமனார் கையை நீட்டினார். “வேர் முழுசா இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க மாமா.”

நான் கீழே உட்கார்ந்தேன். அவர் வாடியதைப் பிடுங்கினார். நான் குழி பறித்தேன். யாழினி மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள்.

“எப்ப இருந்து தெரியுங்க மாமா?”

“போன வருசம் ரெண்டாவது போட்டோலயே. கட்டுன ரப்பர் பேண்டு தெரிஞ்சுதுங்க.”

“அப்பறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லலே?”

“முப்பது வருசம் வயலுக்கு வயல் போய் விவசாயிக சொல்ற பொய்யக் கேட்டவனுங்க நானு. மானியம் வாங்க, கடனு வாங்கன்னு சொல்லுவாங்க. என்னையச் சந்தோசப்படுத்தோணும்னு மாசாமாசம் மெனக்கெட்டுப் பொய் சொன்னவரு நீங்க ஒருத்தருதான். அது யாருன்னு ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க.”

நான் தலை நிமிரவில்லை. மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். அளவுக்கு மேல் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, “போதுமுங்க, மூச்சு முட்டும்” என்றார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டி கதவைத் திறந்து வந்தார். தொட்டிகளைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பல வருடமாக முயன்றும் தனக்குக் கொத்தமல்லி வந்ததே இல்லை, இங்கே இரண்டு வாரமாகத் தினமும் பார்க்கிறார், ஒரு இலைகூட வாடவில்லையே, இதன் ரகசியம் என்ன என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன்.

அதற்குள் மாமனார் எழுந்து நின்றார். கையிலிருந்த மீதிக் கட்டின் ரப்பர் பேண்டை மெல்ல உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அரசாங்க அதிகாரி விழா மேடையில் பேசுகிற ஆங்கிலத்தில், என் மருமகனுக்குக் கைராசி, எங்கள் மாவட்டத்திலேயே இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை என்று தொடங்கி, கால் மணி நேரம், ஒரு சொல் தடுமாறாமல் புளுகினார்.